தூக்க சிரப்பா, முழு மயக்கமா? குறட்டை விடும் குழந்தைக்குப் பல் சிகிச்சை

வாசகர் கேள்விக்கு மயக்கவியல் மருத்துவர் பதில்

ஆந்திர எல்லையில், நகரிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வீட்டில் விசைத்தறிதான் பிழைப்பு. மகளுக்கு நாலரை வயது, எடை 15 கிலோ. ஒன்பது பற்கள் சொத்தை. இரண்டில் சீழ் வைத்து ராத்திரியெல்லாம் அழுகிறாள். உள்ளூர்ப் பல் டாக்டர், "சிரப் கொடுத்துத் தூங்க வைத்து, நாற்காலியிலேயே ஒரே நாளில் ஒன்பதையும் முடித்துவிடலாம், மயக்கம் தேவையில்லை" என்கிறார். திருப்பதியில் பார்த்த இன்னொரு டாக்டர், "ஆஸ்பத்திரியில் சேர்த்து முழு மயக்கம் கொடுத்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் செய்ய வேண்டும்" என்கிறார். இதற்குச் செலவும் கூட, தறியும் நிற்கும். மாமியார் பயப்படுகிறார்: "சின்னப் பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுத்தால் மூளை மந்தமாகிவிடும். எனக்குப் புத்தூரில் முறிந்த கைக்குக் கட்டுப் போட்டபோது என்ன மயக்கம் கொடுத்தார்கள்?"

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் மூன்று விஷயங்கள் எழுதியிருக்கிறார். ஒன்று, பாப்பா சத்தமாகக் குறட்டை விடுவாள், வாயைத் திறந்தபடியே தூங்குவாள், சில நேரம் மூச்சு நின்று திடுக்கென்று இழுக்கும். இரண்டு, இப்போது ஐந்து நாளாகச் சளி, இருமல். மூன்று, இவருடைய அப்பாவுக்கு இளவயதில் குடல்வால் ஆபரேஷன் முடிந்தபிறகு பல மணி நேரம் தானாக மூச்சு வராமல் மெஷினில் வைத்திருந்தார்கள். "எங்கள் குடும்பத்துக்கே மயக்க மருந்து ஒத்துக்காது போல. அதனால் சிரப்தான் பத்திரம் என்று முடிவு செய்து அடுத்த வாரம் தேதி வாங்கிவிட்டேன். சரிதானே டாக்டர்?"

சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அந்தத் தேதியைத் தள்ளிப் போடுங்கள். பிள்ளைக்குச் சளி என்று சொன்னாலே போதும், எந்தப் பல் டாக்டரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கடைசியில் எழுதிய அந்த மூன்று விஷயங்களைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. உங்கள் மகளுக்கு எந்த வழி பத்திரம் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. அவற்றை வைத்துப் பார்த்தால், நீங்கள் பத்திரம் என்று நினைத்த வழிதான் அவளுக்கு ஆபத்து கூடுதலான வழி. காரணத்தைச் சொல்கிறேன்.

சிரப் என்றால் லேசானது என்ற எண்ணம்

பெரும்பாலான பெற்றோர் நினைப்பது இதுதான்: வாயில் ஊற்றும் மருந்து லேசு, ஊசியும் குழாயும் வந்தால் ஆபத்து. மருந்து எந்த வழியாகப் போகிறது என்பதில் பத்திரம் இல்லை. மருந்து போனபிறகு குழந்தை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறாள், அப்போது அவள் மூச்சை யார் கவனிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

தூக்க மருந்தின் விளைவை நாங்கள் நாலு நிலையாகப் பார்க்கிறோம். முதல் நிலையில் பயம் மட்டும் குறையும், குழந்தை விழித்திருக்கும். இரண்டாவதில் கண் சொருகும், ஆனால் கூப்பிட்டால், தொட்டால் பதில் வரும். மூன்றாவதில் வலிக்கிற மாதிரி ஏதாவது செய்தால்தான் அசைவாள், மூச்சுப்பாதை தானாகத் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. நாலாவது முழு மயக்கம். இந்த நிலைகளுக்கு நடுவே எல்லைக்கோடு எதுவும் கிடையாது. அதே சிரப், அதே அளவு, ஒரு குழந்தையை விளையாட்டுத்தனமாக உளற வைக்கும், இன்னொரு குழந்தையை மூன்றாவது நிலைக்குக் கொண்டுபோய்விடும். வயிற்றிலிருந்து மருந்து எவ்வளவு வேகமாக ஏறும் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். ஊசியில் கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம். சிரப்பை ஊற்றியபிறகு அந்த வசதி இல்லை.

நாலரை வயதுப் பிள்ளை ஒன்பது பல்லுக்கும் ட்ரில் சத்தத்தையும் தண்ணீரையும் ஊசியையும் முதல் இரண்டு நிலைகளில் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பாளா? மாட்டாள். அரை மணி நேரத்தில் அழ ஆரம்பிப்பாள். அப்போது "இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம்" என்று ஒரு மூடி சேரும். முதல் மூடியே இன்னும் முழுசாக ஏறியிருக்காது. இரண்டும் ஒன்றாக ஏறும்போதுதான் சிக்கல் வருகிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் சார்ல்ஸ் கோட்டே என்ற குழந்தை மயக்கவியல் நிபுணரும் அவரோடு சேர்ந்தவர்களும், குழந்தைகளுக்குத் தூக்க மருந்து கொடுத்தபோது நேர்ந்த 95 அசம்பாவிதங்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அதில் 51 குழந்தைகள் இறந்திருந்தார்கள், 9 பேருக்கு நிரந்தர மூளைப் பாதிப்பு. அசம்பாவிதம் வாய் வழி, மூக்கு வழி, ஊசி வழி என்று எல்லா வழியிலும் நடந்திருந்தது. கண்காணிப்பு போதாமை, சரியான நேரத்தில் மூச்சைக் காப்பாற்றத் தெரியாமை, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சேர்வது, வீட்டிலேயே மருந்தைக் கொடுத்துக் கூட்டி வரச் சொல்வது, முழுசாக விழிக்கும் முன் அனுப்பிவிடுவது இவையெல்லாம் காரணங்களில் வந்தன. அதன்பிறகு அங்கே குழந்தை மருத்துவர்களும் குழந்தைப் பல் மருத்துவர்களும் சேர்ந்து வைத்திருக்கும் வழிகாட்டுதலின் அடிப்படை இதுதான்: எந்த நிலைக்குத் தூங்க வைக்க நினைக்கிறீர்களோ, அதற்கு அடுத்த ஆழத்துக்குக் குழந்தை போய்விட்டாலும் அவளை மீட்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நம் ஊரில் அதிகம் புழங்குவது ட்ரைக்ளோபாஸ் சிரப், மிடசோலம் என்ற இரண்டும். மிடசோலத்தின் விளைவை முறிக்கும் மருந்து உண்டு. ட்ரைக்ளோபாஸுக்கு அப்படி ஒன்று கிடையாது. தவிர, அது உடம்பில் மாறி உருவாகும் பொருள் பல மணி நேரம் தங்கும். குழந்தை கிளினிக்கில் கண் விழித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் திரும்ப ஆழமாகத் தூங்கிவிடலாம். பைக்கில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார்த்தி, தலை மார்பில் சாய்ந்து தொங்க, புத்தூர் ரோட்டில் பிள்ளையைக் கொண்டு போவதை யோசித்துப் பாருங்கள். கழுத்து முன்னால் மடங்கினாலே குழந்தையின் மூச்சுப்பாதை அடைபடலாம். தூங்குகிறாள் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

குழந்தையின் மூச்சுப்பாதை ஏன் வேறு

பெரியவர்களைச் சின்னதாக்கினால் குழந்தை ஆகிவிடாது. குழந்தைக்குத் தலை பெரிது, அதனால் மல்லாக்கப் படுத்தால் கழுத்து தானாக முன்னால் மடங்கும். வாய்க்குள் நாக்கு அதிக இடம் பிடிக்கும். குரல்வளை மேலே இருக்கும், அதை மூடும் மடல் நீளமாகத் தொளதொளவென்று இருக்கும். கைக்குழந்தையின் 4 மில்லிமீட்டர் மூச்சுக்குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் காற்று போகும் இடம் நாலில் ஒரு பங்காகிவிடும். பெரியவருக்கு அதே வீக்கம் வந்தால் லேசாகத் தொண்டை கட்டியது போல இருக்கும், அவ்வளவுதான். எடைக்கு எடை பார்த்தால் குழந்தை செலவழிக்கும் ஆக்சிஜன் பெரியவரைவிட அதிகம், பச்சிளங்குழந்தைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெஞ்சில் சேமிப்போ குறைவு. ஆகவே மூச்சு நின்றால் பெரியவருக்குக் கிடைக்கும் அவகாசம் குழந்தைக்குக் கிடைக்காது.

இதெல்லாம் எல்லாக் குழந்தைக்கும் பொது. உங்கள் மகளுக்கு இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. குறட்டை, திறந்த வாய், மூச்சு நின்று திடுக்கென்று இழுப்பது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் டான்சிலும் பெருத்து, தூக்கத்தில் மூச்சுப்பாதையை அடைக்கின்றன என்று பலமாகச் சந்தேகிக்கிறேன். சாதாரணத் தூக்கத்திலேயே அடைபடும் பாதை, மருந்துத் தூக்கத்தில் இன்னும் தளர்ந்து போகும். சாதாரணத் தூக்கத்தில் அவளை உலுக்கி எழுப்பும் அந்தத் "திடுக்"கை மருந்து மழுக்கிவிடும்.

பல் வேலையில் இன்னொரு சிரமமும் உண்டு. டாக்டர் வேலை செய்யும் இடமும் குழந்தை மூச்சு விடும் இடமும் ஒன்றே. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டி, வாயைத் தாங்கி வைத்து வேலை செய்வார்கள். மூக்கால் மூச்சு விடும் குழந்தைக்கு அது பரவாயில்லை. மூக்கடைத்து வாயால் மட்டும் மூச்சு விடும் குழந்தைக்கு இருக்கும் ஒரே வழியும் போய்விடுகிறது. ட்ரில்லிலிருந்து வரும் தண்ணீர், ரத்தம், பல் துணுக்கு எல்லாம் தொண்டையை நோக்கித்தான் போகும். விழுங்கும் உணர்வு மங்கிய குழந்தைக்கு அது குரல்வளையில் பட்டால் குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்ளும். காற்று உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. சளி இருக்கும்போது இது வருவதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். மூக்கு முகமூடியில் கொடுக்கும் சிரிப்பு வாயு சில குழந்தைகளுக்கு நல்ல உதவி, ஆனால் மூக்கடைத்த குழந்தைக்கு அது உள்ளே போகவே போகாது.

மரப்பு ஊசிக்கும் ஒரு கணக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைப் பல் மருத்துவத்தில் லிக்னோகெயினுக்கு வைத்திருக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம். 15 கிலோவுக்கு 66 மில்லிகிராம், அதாவது 2 சதவீத மருந்தில் 3 மில்லிக்குச் சற்று மேல். வாயின் நாலு பக்கமும் ஒன்பது பல்லையும் மரக்க வைக்க அதற்கு மேல் தேவைப்படலாம். அளவு மீறினால் வலிப்பு வரலாம், தூக்க மருந்தோடு சேரும்போது மூச்சும் மட்டுப்படலாம். ஒரே நாளில் ஒன்பதையும் நாற்காலியில் முடிக்கலாம் என்பது இந்தக் கணக்குக்கும் ஒத்துவராது.

உங்கள் மாமியாருக்கு: புத்தூரில் முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் மூங்கில் சிம்பும் வைத்துக் கட்டுவது சில நிமிட வேலை. அவர் பெரியவர், பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார், மூச்சுக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. பேத்தியின் விஷயத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான், பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்.

மூக்கு வழியாகக் குழாய் என்றால் என்ன நடக்கும்

குழாய் என்ற சொல்தான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. அது குழந்தையின் மூச்சுக்குக் காவல். ரத்தமோ தண்ணீரோ உள்ளே இறங்காமல் தடுக்கும், எவ்வளவு நேரம் ஆனாலும் காற்றுப் பாதை திறந்திருக்கும். போடுவதும் எடுப்பதும் குழந்தைக்குத் தெரியாது.

பெரும்பாலும் முகமூடியில் செவோஃப்ளுரேன் என்ற வாயுவை முகர வைத்துத் தூங்க வைப்போம், ஒன்றிரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுவாள். பல ஆஸ்பத்திரிகளில் அதுவரை அம்மா கூட இருக்க விடுவார்கள், கேட்டுப் பாருங்கள். தூங்கியபிறகுதான் கையில் ஊசி. உங்கள் மகள் வயதுக்கு, சின்ன பலூன் வைத்த குழாயில் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டர் அளவுதான் வழக்கமான தொடக்கம். பக்கத்தில் ஒரு அளவு சின்னதும் ஒரு அளவு பெரியதும் தயாராக இருக்கும். மூக்குக்குள் ரத்தக்குழாய் சுருங்க மருந்துச் சொட்டு விட்டு, குழாயை மெதுவாக நுழைத்து, குரல்நாண்களுக்கு நடுவே செலுத்துவோம். சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பதை, மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவைத் திரையில் அலையாகப் பார்த்து உறுதி செய்வோம். அடினாய்டு மிகவும் பெருத்திருந்தால் மூக்கு வழியில் ரத்தம் கசியலாம். அப்போது வாய் வழியாகவே குழாய் போட்டு ஓரமாக ஒதுக்கி வேலை செய்யவும் முடியும். அதனால் குறட்டை விஷயத்தை முன்கூட்டியே சொல்வது முக்கியம்.

குழாய்க்குப் பதில் குரல்வளைக்கு மேல் உட்காரும் மென்மையான முகமூடி ஒன்றும் உண்டு. 1981-இல் ஆர்ச்சி பிரெய்ன் என்ற பிரிட்டன் மருத்துவர் உருவாக்கியது. சின்ன ஆபரேஷன்களில் குழந்தைகளுக்கு நிறையப் பயன்படுகிறது. உங்கள் மகளுக்கு, இத்தனை பல், பெருத்த டான்சில், நீண்ட நேர வேலை என்று வரும்போது பெரும்பாலானவர்கள் குழாயைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நானும் அப்படித்தான்.

குரல் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றிரண்டு நாள் தொண்டை கரகரப்பாக இருக்கலாம், மூக்கில் கொஞ்சம் ரத்தம் வரலாம். குரைப்பது போன்ற இருமல் சில குழந்தைகளுக்கு வரும், மருந்து வைத்துச் சரிசெய்வோம். நிரந்தரமாகக் குரல் கெடுவது மிக அரிது. விழிக்கும்போது அரை மணி நேரம் வரை யாரையும் அடையாளம் தெரியாத மாதிரி கத்தி அழுவது செவோஃப்ளுரேனில் அடிக்கடி நடக்கும். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள், தானாக அடங்கிவிடும்.

முழு மயக்கத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகள் மாதிரி குழந்தைக்குக் குழாயை எடுக்கும் நேரமும் அதற்கடுத்த சில மணி நேரமும் நாங்கள் மிகுந்த கவனமாக இருக்கும் நேரம். நன்றாக விழித்தபிறகே குழாயை எடுப்போம், ஒருக்களித்துப் படுக்க வைப்போம். ராத்திரி அங்கேயே தங்கச் சொன்னால் தங்கிவிடுங்கள்.

தாத்தாவுக்கு நடந்தது

நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் பெரிய தகவல் ஒன்று போயிருக்கும். தசையைச் சட்டென்று தளர்த்த ஸ்கோலின் என்ற மருந்தைப் பயன்படுத்துவார்கள். ரத்தத்தில் இருக்கும் ஒரு என்சைம் அதை உடைத்துவிடும், ஐந்து பத்து நிமிடத்தில் தசை திரும்ப இயங்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த என்சைம் குறைவு. அவர்களுக்கு அதே மருந்து மணிக்கணக்கில் நிற்கும், அதுவரை மெஷின்தான் மூச்சு விட வைக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆரிய வைசியர் சமூகத்தில் இந்தக் குறைபாட்டைக் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து, அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006-இல் வெளியிட்டார்கள். வேறு சமூகத்தவருக்கும் வரும்.

இதற்குப் பொருள் "குடும்பத்துக்கே மயக்கம் ஒத்துக்காது" என்பது இல்லை. ஒத்துக்கொள்ளாதது அந்த மருந்தும் அதைப் போல அதே என்சைமால் உடையும் ஓரிரண்டும் மட்டும். அதற்குப் பதிலாக வேறு தளர்த்தி மருந்துகள் இருக்கின்றன. அப்பாவுக்கும் முடிந்தால் பாப்பாவுக்கும் அந்த என்சைம் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், மேலே சொன்ன குரல்நாண் இறுக்கம் வந்தால் நாங்கள் அவசரத்துக்கு எடுக்கும் மருந்துகளில் ஸ்கோலினும் ஒன்று. அந்த நொடியில் தாத்தாவின் கதை எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சிரப் கிளினிக்கில் இதை யாராவது கேட்டார்களா?

மூளை மந்தமாகுமா

மாமியார் கேட்ட கேள்வியை உலகம் முழுக்க மருத்துவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு முழு மயக்கம் பெற்றவர்களுக்கும், விழித்த நிலையில் முதுகில் மரப்பு ஊசி பெற்றவர்களுக்கும் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இல் எச்சரித்தது மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அல்லது திரும்பத் திரும்பக் கொடுப்பது பற்றி. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். ராத்திரி தோறும் மூச்சு அடைபட்டுத் தூக்கம் கெடுவதுதான் படிப்பையும் கவனத்தையும் பாதிக்கும் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

சளியும் பட்டினியும்

சளி பிடித்த இரண்டு வாரத்துக்குள் மயக்கம் கொடுத்தால் மூச்சுச் சிக்கல் கூடும் என்பதை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 9,297 குழந்தைகளைக் கவனித்து 2010-இல் வெளியிட்டார்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தாலும் கூடும் என்று அதே ஆய்வு சொல்கிறது. வீட்டுக்காரர் பிடிப்பவராக இருந்தால் இன்றே வாசலோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஆகவே சளி விட்டு குறைந்தது இரண்டு வாரம், காய்ச்சலோ நெஞ்சில் கரகரப்போ இருந்திருந்தால் நாலு வாரம் தள்ளலாம். அடினாய்டுக் குழந்தைக்கு மூக்கு எப்போதும் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும், முழுசாக நிற்க வேண்டும் என்று காத்திருந்தால் நாளே அமையாது. புதிதாகக் காய்ச்சல், கெட்டிச் சளி, இளைப்பு, சாப்பாடு இறங்காமை, இவைதான் தேதியை மாற்றும் அறிகுறிகள்.

பட்டினியில் ஏமாற்ற வேண்டாம், தேவைக்கு மேல் காயப்போடவும் வேண்டாம். சாப்பாடு, பால், பால் டீ, கஞ்சி, ராகிக் கூழ் எதுவானாலும் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். தெளிவான தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை கொடுக்கலாம். "அழுகிறாளே" என்று பாட்டி ஒரு வாய் பால் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்தப் பால் வயிற்றிலிருந்து ஏறி நுரையீரலுக்குள் போகலாம். நாங்கள் திட்ட மாட்டோம், நேரத்தைத்தான் மாற்றுவோம். ஆடும் பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இனி என்ன செய்யலாம்

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். பாப்பா தூங்கும்போது மேல்சட்டையைத் தளர்த்தி, நெஞ்சும் முகமும் தெரிய, சத்தத்தோடு இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பத்து வரி விளக்கத்தைவிட அது உதவும். அடினாய்டும் டான்சிலும் எடுக்க வேண்டும் என்றால், பல்லையும் அதே மயக்கத்தில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சில ஆஸ்பத்திரிகளில் இரண்டு டாக்டர்களும் சேர்ந்து செய்வார்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு கடுமையாக இருந்தால் தொண்டையை முதலில் சரிசெய்து, சில வாரம் கழித்துப் பல்லுக்கு வரச் சொல்லலாம். அதுவும் சரியே.

இடையில் பல்லுக்கு என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வலிக்காத சொத்தைகளில் சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவினால் சொத்தை மேலும் பரவாமல் பெரும்பாலும் நிற்கும். ஊசி வேண்டாம், ட்ரில் வேண்டாம். அந்த இடம் கறுத்துப்போகும், பால்பல் என்பதால் பரவாயில்லை என்பது என் கருத்து. சீழ் வைத்த இரண்டு பல்லுக்கு இது போதாது. அவற்றுக்கு உள்ளூர் டாக்டரே தூக்க மருந்து எதுவும் இல்லாமல், மரப்பு ஊசி மட்டும் போட்டு, ஒவ்வொரு தடவைக்கு ஒன்றாகப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அவர் மேல் எனக்குக் குறை இல்லை, குறட்டையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கன்னம் வீங்கினாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு எச்சில் ஒழுகினாலோ இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வலிக்குப் பாரசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் அவளுக்கு ஒரு தடவைக்கு 225 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். சீசாவைத் திருப்பிப் பாருங்கள், 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. 250 என்றால் அவளுக்கு நாலரை மில்லி. தூக்கம் வரவழைக்கும் சளி சிரப்புகளும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் இந்தக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

எங்கே போனாலும் கேட்க வேண்டியவை

1. பல் டாக்டரைத் தவிர, மூச்சை மட்டும் பார்க்க ஒரு மயக்கவியல் மருத்துவர் கூடவே இருப்பாரா? குழந்தைகளுக்கு வழக்கமாக மயக்கம் கொடுப்பவரா?

2. ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியோடு, மூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் கருவியும் இருக்கிறதா? ஆக்சிஜன் அளவு இறங்கிக் காட்டுவதற்குள் மூச்சு நின்று நேரமாகியிருக்கும், அலை உடனே காட்டும்.

3. குழந்தை அளவில் முகமூடி, ஊதும் பை, உறிஞ்சும் குழாய் கைக்கெட்டும் இடத்தில் உண்டா? விழித்தபிறகு எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள்?

இவற்றைக் கேட்பது டாக்டரை அவமதிப்பது இல்லை. நல்ல டாக்டர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

சம்மதப் படிவம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தெலுங்கு பேச வரும், படிக்க வராது என்கிறீர்கள். அப்படியானால் கையெழுத்துப் போடும் முன், என்ன மயக்கம், என்ன ஆபத்து, வேறு என்ன வழி என்று உங்களுக்குப் புரியும் மொழியில் வாயால் விளக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. விளக்கிப் பெறாத சம்மதம் சம்மதமே ஆகாது, ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லியிருக்கிறது. இரண்டாவது கருத்துக் கேட்கவும், பிள்ளையின் மருத்துவக் காகிதங்களின் நகலை வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

செலவுக்கு: உங்கள் கார்டு ஆந்திரா என்பதால் தமிழ்நாட்டுக் காப்பீடு கிடைக்காது. திருப்பதியிலோ சென்னையிலோ எந்த ஆஸ்பத்திரி என்று முடிவு செய்யும் முன், ஆந்திர அரசின் இலவச மருத்துவத் திட்டத்தில் (முன்பு ஆரோக்கியஸ்ரீ, 2024 முதல் என்.டி.ஆர். வைத்ய சேவா) டான்சில், பல் இரண்டில் எதற்கு அங்கே அனுமதி உண்டு என்று அந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் அந்தத் திட்டத்தின் உதவியாளரிடம் கேளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், இவற்றோடு அப்பாவின் பழைய ஆபரேஷன் காகிதம் கிடைத்தால் அதையும் எடுத்துப் போங்கள். அது கிடைக்காவிட்டால், நடந்ததை ஒரு தாளில் எழுதி, மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது அவர் கையிலேயே கொடுங்கள்.